ரத்தக்குழாய்ச் சுண்ணாம்பு போர் தண்ணீரிலிருந்து வருவதில்லை

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்கள் வீட்டில் ரொம்ப காலமாகப் போர் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, ஹீட்டர் காயில் கல்லாகி வருஷத்துக்கு ஒன்று போகிறது. இப்போது அப்பாவுக்கு, வயது 64, கோவையில் எடுத்த சிடி ஸ்கேனில் இதய ரத்தக்குழாயில் கால்சியம் ஸ்கோர் 340 என்று வந்திருக்கிறது. அவர் மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர். தண்ணீர்தான் காரணமா, மாத்திரையையும் பாலையும் நிறுத்திவிடலாமா, கால்சியம் படிந்ததற்கு டாக்டர் ஏன் கொழுப்பு மாத்திரை எழுதினார், சொந்தக்காரர் ஒருவர் சொல்கிற 'அடைப்பைக் கரைக்கும் டிரிப்' போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். தண்ணீர் காரணமில்லை. பாலும் காரணமில்லை. கால்சியம் மாத்திரை கொஞ்சம் சிக்கலான விஷயம், கீழே வருகிறது. கொழுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். டிரிப் வேண்டவே வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. பாலக்காட்டில் எக்ஸ்ரே, சிடி எடுக்கிற வேலை. வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எல்லையோரத்து ஆட்கள் தினமும் வருவார்கள். ரத்தக்குழாயில் கால்சியம் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும், மலையாளத்தில் பேசுகிறவரானாலும் தமிழில் பேசுகிறவரானாலும் கேட்பது ஒன்றையேதான்: இதைக் கரைக்க முடியுமா? அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தவறான படம் இருக்கிறது, குழாயில் உப்பு படிகிற படம். அது மனதிலிருந்து போகாதவரை தேவையில்லாததை நிறுத்துவதும் தேவையானதை விடுவதும் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாத்திரத்தில் ஒட்டுவது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடு பட்டதும் உடைந்து, கரையாத கார்பனேட்டாக மாறி அடியில் பிடித்துக்கொள்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைத்துக் கரைவதும் அதனால்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் இருப்பதோ கால்சியம் பாஸ்பேட், பெரும்பாலும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம். நம் எலும்பும் பல்லும் எதனால் ஆனவையோ அதேதான். அது படிகிற இடமும் வேறு. குழாயின் உள்பக்கத்தில், ரத்தம் ஓடுகிற பரப்பில் வந்து ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளே, அதன் சதைக்குள்ளே உண்டாகிறது.

ரத்தத்தில் கால்சியம் அதிகமாகி வழிந்து படிகிறதோ என்றால் அதுவும் இல்லை. ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மி.கி. என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கும். பாராதைராய்டு சுரப்பி, வைட்டமின் டி, சிறுநீரகம், குடல், எலும்பு எல்லாம் சேர்ந்து அதை அங்கே பிடித்துவைத்திருக்கின்றன. அப்பாவின் பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், கால்சியம் பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருக்கும். குழாயில் கால்சியம் படிந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த 600-ம் முழுக்கக் கால்சியம் கார்பனேட்டே என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லிட்டரில் கிடைக்கும் கால்சியம் 240 மி.கி. ஒரு டம்ளர் பாலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். உலகத்தில் பல இடங்களில் கடினநீர் குடிப்பவர்களையும் மென்னீர் குடிப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடினநீர்க்காரர்களுக்கு இதய நோய் கூடுதல் என்று தெளிவாக வரவில்லை, பல ஆய்வுகளில் கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது.

அப்படியென்றால் எங்கிருந்துதான் வருகிறது? சுவரில் இருக்கிற செல்களே அதை உண்டாக்குகின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே மெல்லிய படலம், நடுவில் தசை செல்களும் எலாஸ்டின் என்ற மீள்நாரும் அடுக்கடுக்காக இருக்கும் பகுதி, வெளியே உறை. நடு அடுக்கின் தசை செல் சுருங்கி விரிந்து ரத்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிற செல். ஆனால் ஒரே வேலைக்கு என்று முழுதாகக் கட்டிப்போடப்பட்ட செல் இல்லை. காயமோ அழற்சியோ சர்க்கரையோ அதிகப் பாஸ்பேட்டோ நாள்பட்டுத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தால் அது தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். சுருங்குவதற்கான புரதங்களைக் குறைத்துவிட்டு, எலும்பு கட்டும் செல் எந்தெந்தப் புரதங்களைச் செய்யுமோ அவற்றைச் செய்யத் தொடங்கும். எலும்பு உண்டாவதற்கே தலைமைச் சாவியான ரன்எக்ஸ்2 என்ற மரபணு ரத்தக்குழாய்க்குள் விழித்துக்கொள்கிறது, பின்னாலேயே ஆல்கலைன் பாஸ்படேஸ், ஆஸ்டியோகால்சின் எல்லாம் வந்துவிடுகின்றன. இப்படி மாறிய செல்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் சின்னச் சின்னப் பைகளை வெளியே தள்ளும். கால்சியமும் பாஸ்பேட்டும் முதலில் படிகமாவது அந்தப் பைகளில்தான். செத்துப்போன செல்களின் சிதறல்களும் இதே மாதிரி விதையாகும். பைகள் கொலாஜன் மேலும் கிழிந்த எலாஸ்டின் மேலும் உட்கார்ந்து, படிகம் படிகத்தோடு சேர்ந்து வளர்கிறது. வளரும் குழந்தையின் எலும்பிலும் கிட்டத்தட்ட இதே முறைதான். சுவரில் இப்படித் தடித்துப்போன சில பழைய திட்டுகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே மஜ்ஜையோடு நிஜ எலும்பே இருக்கும். ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 19-ம் நூற்றாண்டிலேயே மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்துவிட்டு, இது வெறும் சுண்ணாம்பு படிவதில்லை, எலும்பாவது என்று எழுதிவைத்தார். நடுவில் ஒரு நூறு வருஷம், வயசானால் தானாகப் படிகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இது நடப்பது இரண்டு இடத்தில், இரண்டும் வேறு வேறு நோய். அப்பாவுடையது பெரும்பாலும் முதல் வகை, உள் அடுக்கில் வருவது. எல்டிஎல் கொழுப்புத் துகள்கள் உள்படலத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டு ஆக்சிஜனேற்றம் ஆகின்றன. அதைத் தின்ன வெள்ளணுக்கள் வருகின்றன, தின்று தின்று கொழுத்து அங்கேயே செத்துப்போகின்றன. கொழுப்பும் செத்த செல்லுமாக ஒரு குழம்பு சேர்ந்து அழற்சி ஓயாமல் இருக்கும் அந்த இடத்துக்கு நடு அடுக்கிலிருந்து தசை செல்கள் நகர்ந்து வந்து மேலே நாரால் ஒரு மூடி போடுகின்றன. மேலே சொன்ன மாற்றமும் அந்த அழற்சிக்கு நடுவில்தான் ஆரம்பிக்கிறது. ஆக, படத்தில் வெள்ளையாகத் தெரியும் கால்சியம் அந்த இடத்தில் வருஷக்கணக்காக நடந்த சண்டையின் தழும்பு. சண்டையைத் தொடங்கிவைத்தது கொழுப்புத் துகள், அழுத்தம், பீடி, சர்க்கரை. டாக்டர் கால்சியத்தை விட்டுவிட்டுக் கொழுப்புக்கு மருந்து எழுதியது இதனால்தான்.

இரண்டாவது வகை நடு அடுக்கில் வருவது. 1903-ல் மோங்கெபெர்க் என்ற ஜெர்மன் நோயியல் மருத்துவர் விவரித்தது. இதை நான் அடிக்கடி பார்ப்பது இதய ஸ்கேனில் இல்லை, கால் எக்ஸ்ரேயில். சர்க்கரை நோயாளி ஒருவர் பாதத்தில் ஆறாத புண்ணோடு வருவார், எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் படம் எழுதியிருப்பார். படத்தில் கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் இடையில், சதை மட்டுமே இருக்க வேண்டிய சாம்பல் நிறத்தில், இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஜோடியாக வளைந்து வளைந்து போகும். தமனியின் இரண்டு பக்கச் சுவர் அது. சாயம் எதுவும் ஏற்றாமலே, சாதாரண எக்ஸ்ரேயில், ரத்தக்குழாய் தன் முழு உருவத்தையும் காட்டிவிடும். இந்த வகையில் கொழுப்பு தேவையில்லை, குழாயும் உடனே அடைக்காது. ஆனால் விறைத்துவிடும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெரிய தமனிகள் விரிந்துகொடுக்காவிட்டால் மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் இறங்கும். வயதானவர்களுக்கு 170-க்கு 70 என்று வருவதில் இந்த விறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இதயத்துக்கே ரத்தம் போவது பெரும்பாலும் கீழ் அழுத்த நேரத்தில் என்பதால் பாதிப்பு இரண்டு பக்கமும். இன்னொரு சங்கடமும் உண்டு. காலில் ரத்த ஓட்டம் போதுமா என்று கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்து, கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் சொல்வார்கள். விறைத்த குழாயைப் பட்டையால் நசுக்க முடியாது, எனவே விகிதம் 1.4-க்கு மேலே போய்விடும். அதைப் பார்த்து 'ஓட்டம் நன்றாகவே இருக்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பது நம்பகமானது. வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது காலில் புண்ணோடு இருந்தால் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். நம் ரத்தத்தில் எப்போதும் கால்சியமும் பாஸ்பேட்டும் எளிதில் படிகமாகிவிடக் கூடிய அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் ஏன் படியவில்லை? உடம்பு ஒவ்வொரு நிமிஷமும் அதைத் தடுத்துக்கொண்டே இருப்பதால்தான். கல்லீரல் செய்யும் ஃபெட்டுயின்-ஏ என்ற புரதம் உருவாகிவரும் குட்டிப் படிகங்களைப் பிடித்து மேலே வளரவிடாமல் சுமந்துகொண்டு போகிறது. பைரோபாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறு படிகத்தின் மேல் ஒட்டி வளர்ச்சியை நிறுத்துகிறது. சுவரின் தசை செல்களே எம்ஜிபி என்ற புரதத்தைச் செய்து காவல் வைக்கின்றன. 1997-ல் எலிகளில் இந்த எம்ஜிபி மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். பிறக்கும்போது சாதாரணமாக இருந்த எலிகள் இரண்டு மாதத்துக்குள் தமனியெல்லாம் சுண்ணாம்பாகி, பெருந்தமனி கிழிந்து செத்துப்போயின. ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனதற்கு அவ்வளவு. நம்மைக் காப்பாற்றுவது கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிடுவது இல்லை, இந்தக் காவல்தான்.

எம்ஜிபி வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். இதைக் கேட்டதும் இரண்டு எண்ணம் வரும், இரண்டிலும் கவனம் தேவை. ஒன்று, கே2 மாத்திரை. கால்சியத்தை எலும்புக்கு அனுப்பும், குழாயைச் சுத்தமாக்கும் என்று அதை விற்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டென்மார்க்கில் இதய வால்வில் கால்சியம் படிந்த 365 வயதான ஆண்களுக்கு இரண்டு வருஷம் கே2-வும் டி-யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையில், 2022-ல் வந்த முடிவு, வால்வுக் கால்சியம் வளரும் வேகம் குறையவில்லை. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், அதில் வைட்டமின் கே தாராளமாக இருக்கிறது, காசு மிச்சம். இரண்டாவது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் வைட்டமின் கே-யை மறிப்பதால் எம்ஜிபியும் பாதிக்கப்படும், பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியம் கூடுதலாகப் படிவதைப் பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள். நம் பக்கத்தில் வாத காய்ச்சலில் வால்வு கெட்டுச் செயற்கை வால்வு வைத்தவர்கள் நிறைய பேர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்திரா வால்வோடு எத்தனையோ பேர் நல்லபடியாக வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட உலோக வால்வு உள்ளவர் இந்த மாத்திரையை விட்டால் வால்வில் ரத்தம் உறைந்து உயிரே போகும். அவர்கள் கீரையைக்கூட திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கால்சியத்தைவிட நான் பயப்படுவது பாஸ்பேட்டுக்குத்தான். 2000-ம் ஆண்டில் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதத் தமனித் தசை செல்களைத் தட்டில் வளர்த்து, ஊட்டத் திரவத்தில் பாஸ்பேட்டைக் கூட்டினார்கள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கிற அளவுக்குக் கூட்டியதுமே செல்கள் எலும்புப் புரதங்களைச் செய்து சுண்ணாம்பு கட்ட ஆரம்பித்துவிட்டன. பாஸ்பேட் செல்லுக்குள் போகும் வாசலை அடைத்தால் அது நின்றது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை மிச்சப் பாஸ்பேட் சிறுநீரில் போய்விடும். கெட்டுப்போனால் தேங்கும். அதே 2000-ல் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இளைஞர்களின் இதயத்தை ஸ்கேன் செய்த ஓர் ஆய்வு வந்தது. 20 முதல் 30 வயதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் கால்சியம். இருபத்தைந்து வயதில்! அதே ஆய்வில், கால்சியம் படிந்தவர்கள் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவதற்கென்று சாப்பிட்ட கால்சியம் மாத்திரையின் அளவு, படியாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறுநீரக நோயாளிகளுக்குக் கால்சியம் கலந்த அந்த மருந்துகளின் அளவை மட்டுப்படுத்த வேண்டும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அப்பாவின் மாத்திரை. சாப்பாட்டில் வரும் கால்சியம், அதாவது பால், மோர், ராகி, கீரை, சின்ன மீன் இதெல்லாம் ரத்தக்குழாய்க்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாளொன்றுக்கு 1000 மி.கி. வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு, நம் ஆட்களில் பாதிப் பேர் அதை எட்டுவதே இல்லை என்பது என் எண்ணம். ராகி 100 கிராமில் ஏறக்குறைய 360 மி.கி. இருக்கிறது, ராகிக் களி நமக்குப் புதுசா என்ன. ஆனால் மாத்திரை ஒரே நேரத்தில் 500, 1000 என்று உள்ளே போகும், ரத்தத்தில் கால்சியம் சில மணி நேரம் லேசாக ஏறும். நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2008-லும் 2010-லும் கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்ததைக் காட்டினார்கள், 2010-ல் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். பின்னால் வந்த வேறு குழுக்கள் அப்படியொன்றும் இல்லை என்றன. இன்றும் சண்டை ஓயவில்லை. என் கருத்து இது: எலும்புத் தேய்மானம் என்று, எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் தெரிந்து டாக்டர் எழுதியிருந்தால் சாப்பிடட்டும். யாரோ எப்போதோ மூட்டு வலிக்கு எழுதியதை மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், மூட்டுத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை மருந்தே இல்லை. டாக்டரிடம் கேட்டு நிறுத்துவதைப் பற்றி யோசியுங்கள். வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யை மாதக்கணக்கில் யாரும் சரிபார்க்காமல் விழுங்குகிறாரா என்பதையும் பாருங்கள். அது அளவு மீறினால் ரத்தக் கால்சியமும் பாஸ்பேட்டும் நிஜமாகவே ஏறும்.

ஸ்கோர் 340 என்றால் என்ன? மார்பில் ஈசிஜி ஒயர் ஒட்டி, சில நொடி மூச்சை அடக்கச் சொல்லி, சாயம் இல்லாமல் இதயத்தை 3 மி.மீ. துண்டுகளாகப் படம் எடுக்கிறோம். படத்தில் அடர்த்தி 130-க்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் பரப்பையும் அளந்து, அடர்த்திக்கு ஏற்ப ஒன்றிலிருந்து நான்கு வரை ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்கோர். 1990-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டன் குழு கொடுத்த முறை. பூஜ்யம் என்றால் அடுத்த சில வருஷங்களுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. 100-க்கு மேல் என்றால் மருந்து அவசியம் என்ற பக்கம் சாய்கிறது. 400-க்கு மேல் அதிகம். 340 என்பதற்கு 34 சதவீதம் அடைப்பு என்று அர்த்தமில்லை, பல பேர் அப்படி நினைத்துக் கலங்கிவிடுகிறார்கள். சுவரில் எவ்வளவு நோய் சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு அது, எங்கே எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அது சொல்லாது. நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, இருந்தால் வேறு பரிசோதனை வேண்டும்.

ஆச்சரியமான ஒன்று: பெரிய, கெட்டியான கால்சியத்தைவிட ஆபத்தானது கண்ணுக்கே தெரியாத பொடிக் கால்சியம். கொழுப்புக் குழம்பை மூடியிருக்கும் மெல்லிய நார் மூடிக்குள் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் இருந்தால், இதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைச் சுற்றி இழுவிசை கூடி மூடி கிழியலாம். கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பு. சிடியில் அந்தத் துகள் தெரியாது. நாள்பட்டு அவை ஒன்றாகிப் பாளமாகக் கெட்டியானால் அந்தத் திட்டு கிழிவது குறைவு. அமெரிக்காவின் மெசா ஆய்வில் 2014-ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள், ஒரே அளவு கால்சியம் உள்ள இருவரில் அடர்த்தி அதிகமாக இருப்பவருக்கு ஆபத்து குறைவு. ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை செய்வதும் இதைத்தான். கொழுப்புக் குழம்பை வற்றவைத்து, அழற்சியைத் தணித்து, திட்டைக் கெட்டியாக்குகிறது. அதனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு ஸ்கோர் குறையாது, கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும், ஆனால் மாரடைப்பு குறையும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து, 340 இப்போது 390 ஆகிவிட்டது, மாத்திரை வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஸ்டாட்டின் தொடங்கிய பிறகு ஸ்கோரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம், பார்க்க வேண்டியது எல்டிஎல் எவ்வளவு இறங்கியது என்பதை.

டிரிப் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அதில் ஏற்றுவது ஈடிடிஏ என்ற மருந்து, கால்சியத்தையும் ஈயம் போன்ற உலோகங்களையும் பிடித்துக்கொண்டு சிறுநீரில் போகும். ஆனால் அது பிடிப்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் கால்சியத்தை, சுவருக்குள் எலும்பாகிவிட்டதைக் கரைத்துக் கொண்டுவருவதில்லை. ரத்தக் கால்சியம் திடீரென்று இறங்கினால் இதயம் நின்றுவிடும், அமெரிக்காவில் அப்படி இறந்தவர்கள் பதிவில் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில் சின்னப் பலன் தெரிந்தது, அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். குறிப்பாகச் சர்க்கரைக்காரர்களுக்குப் பலன் அதிகம் என்று தோன்றியதால் அவர்களிடம் மட்டும் ஏறக்குறைய 1000 பேரை வைத்து மறுபடி செய்தார்கள், 2024-ல் முடிவு வந்தது, பலன் இல்லை. ஒரு தவணைக்கு இத்தனை ஆயிரம், இத்தனை தவணை என்று கணக்குச் சொல்லும் இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போகாதீர்கள்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிய கஷாயமும் கேட்டிருந்தீர்கள். வினிகர் பாத்திரத்துக் கார்பனேட்டைக் கரைக்கும், வயிற்றுக்குப் போன வினிகர் தமனிச் சுவரின் எலும்பைத் தொடவே தொடாது. வயிறு எரியவில்லை என்றால் குடிக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

படிந்ததைக் கரைக்கும் மருந்து என்று இதுவரை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ரொம்பக் குறுகி ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால், கெட்டிக் கால்சியம் ஸ்டென்டை விரியவிடாது என்பதால், முதலில் வைரத்துகள் பதித்த சுழலும் கருவியால் அரைப்பார்கள், அல்லது சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலை முறையைச் சின்ன பலூனுக்குள் வைத்துச் சுவரின் கால்சியத்தில் விரிசல் விடுவார்கள். கோவையிலும் கொச்சியிலும் இரண்டும் செய்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சே இல்லை.

இது ஏதோ நம் காலத்துச் சாப்பாட்டாலும் போர்வெல்லாலும் வந்த நோய் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊட்சி என்ற மனிதனின் உடலைச் சிடி எடுத்தபோது தமனியில் கால்சியம் இருந்தது. எகிப்து, பெரு உட்பட நான்கு இடங்களின் 137 பழைய உடல்களை ஸ்கேன் செய்ததில் மூன்றில் ஒரு பங்குக்குத் தமனி நோயின் அடையாளம் இருந்தது, 2013-ல் வந்த ஆய்வு. அதற்காக விதி என்று விட்டுவிடவும் முடியாது. பொலிவியக் காட்டில் நாள் முழுக்க நடந்து, வேட்டையாடி, பயிர் செய்து வாழும் சிமானே மக்கள் 705 பேரைப் பார்த்ததில் 85 சதவீதம் பேருக்கு ஸ்கோர் பூஜ்யம், 2017-ல் வந்தது. அவர்களின் எல்டிஎல், அழுத்தம், சர்க்கரை எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தாழ்வாகவே இருக்கின்றன, புகைப்பதும் குறைவு.

அப்பாவுக்கும் இதே நான்கு விஷயம்தான். அவர் பீடி குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் முதலில் அது. அழுத்தத்தை வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதிவையுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை பாருங்கள். ஸ்டாட்டின் தினமும், விடாமல். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கால்சியம், வைட்டமின் டி அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, கிரியாட்டினின், ரத்தக் கால்சியம், பாஸ்பரஸ் மூன்றும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேளுங்கள். சிறுநீரகம் லேசாகக் கெட்டிருந்தால்கூட மேலே சொன்ன பாஸ்பேட் கணக்கு மாறிவிடும். கோலா பானங்களிலும் பாக்கெட் பண்டங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் குடலில் எளிதாக ஏறும், பருப்பிலும் பயறிலும் இருப்பது அவ்வளவு ஏறாது. அதனால் பருப்பை நிறுத்த வேண்டாம்.

தண்ணீரைப் பரிசோதிக்கத்தான் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது தெரிந்த விஷயம், லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், 1.5 தாண்டவே கூடாது. தாண்டினால் சின்னப் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும், தசைநார்களில்கூடச் சுண்ணாம்பு ஏறும். அப்பாவின் மூட்டு வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாலக்காட்டில் வாட்டர் அதாரிட்டி லேபில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, ஆர்ஓ வடிகட்டியில் பெரும்பகுதி போகும். ரிப்போர்ட் வந்ததும் அளவை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.